ஒற்றைக் கால் ஷூவும் ஒரு கீச்சுச் சத்தமும்

பீரோவில் ஷூ இல்லை.

பூர்ணிமா கதவை மூடினாள். திறந்தாள். மறுபடியும் பார்த்தாள். மேல் தட்டில் கறுப்பு ஷூக்கள், கீழ்த் தட்டில் குழந்தைகள் செருப்புகள், எல்லாம் அதனதன் இடத்தில் சமத்தாக உட்கார்ந்திருந்தன. நடுத் தட்டில் வெள்ளிக்கிழமை காலை தன் கையாலேயே வைத்த மெரூன் நிற லேடீஸ் ஷூவை மட்டும் காணோம். பூட்டு உடையவில்லை. கீறல்கூட இல்லை. திங்கட்கிழமை காலை, அந்த ஷூவை வாங்கிப்போக வெளியே கூரியர்காரன் வண்டியை அணைக்காமல் காத்துக்கொண்டிருந்தான்.

ஆம்பூரில் ஷூ கம்பெனிகளுக்கா பஞ்சம்? ஆனால் ஒரு கம்பெனியின் உயிர் அதன் சாம்பிள் பீரோவில்தான் இருக்கிறது. அடுத்த சீசனுக்கு 'பையர்' என்கிற வெளிநாட்டு வியாபாரியிடம் காட்டப்போகும் மாதிரி ஷூ அங்கேதான் இருக்கும். ஜோடியெல்லாம் கிடையாது. காட்டி விலை பேசுவதற்கு ஒற்றைக் கால் போதும், வலது காலை மட்டும் செய்வார்கள். அந்த ஒற்றைக் காலை வேறொரு கம்பெனிக்காரன் முந்திக்கொண்டு காட்டிவிட்டால் ஒரு வருஷத்து ஆர்டர் போச்சு.

முதலாளி அப்துல் வஹீத் சாகிப் கத்தவில்லை. அவர் கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிற ரகம்.

"சாவி யார் யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. உங்ககிட்ட ஒண்ணு."

"என்னுது என்கூட துபாய்ல இருந்துச்சு. நேத்துதான் வந்து எறங்கினேன். கடைசியா எப்போ பார்த்தே?"

"வெள்ளிக்கிழமை காலைல சாகிப். அந்தத் தோலை ரப் டெஸ்ட் பண்ணினேன். ஈரம் பட்டா சாயம் ஒட்டுது, ஃபெயில். மாடல் மட்டும் காட்டலாம், தோலை மாத்தணும்னு எழுதி வெச்சுட்டு ஷூவை உள்ள வெச்சுப் பூட்டினேன்."

"அப்பறம் சாவியை யாருக்குனா குடுத்தியா?"

பூர்ணிமா தயங்கினாள். பீரோ சாவி அவளுடைய கார்ச் சாவிக் கொத்தில்தான் தொங்கியது. தனித்தனியாக வைத்தால் எதையாவது தொலைத்துவிடுவோம் என்று அவளாகச் செய்துகொண்ட ஏற்பாடு. அதை இப்போது நினைத்தால் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் தோல் லாரி வந்துச்சு. என் காரை நகர்த்தணும்னு ஜெயப்பிரகாஷ் சார் சாவி வாங்கினாரு. அதுக்கு முன்னாடி மோகனா டிபன் பாக்ஸை கார்ல விட்டுட்டேன்னு வாங்கிட்டுப் போனா. ரெண்டு பேரும் நம்ம ஆளுங்க சாகிப்."

"கேட்ல?"

"எல்லா பையையும் தொறந்து பார்த்திருக்காங்க. என் கார் டிக்கியையும்தான் தொறந்தாங்க."

"அப்போ ஷூவுக்குக் கால் மொளைச்சு நடந்து போய்டுச்சு," என்றார் சாகிப்.

யாரும் சிரிக்கவில்லை. கம்பெனி முழுக்கத் தேடினார்கள். தோல் கிடங்கு, தையல் பகுதி, கழிவறை எல்லாம் புரட்டியாயிற்று. ஷூ கிடைக்கவில்லை.

பூர்ணிமா அந்தக் கம்பெனியின் தரப் பரிசோதனைத் தலைவி. அவள் காது அந்தத் தொழிலில் பேர்போனது. புது ஷூவைப் போட்டு ஒருவர் நாலடி நடந்தால் போதும், கீச்சென்று கேட்டால், "குதிகால்ல இல்ல, நடுவுல. உள்ள பவுடர் போடாம ஒட்டியிருக்கீங்க," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வாள். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். அப்பேர்ப்பட்ட காதுக்கு ஒரு சோதனை வந்து சேர்ந்தது.

அவளுடைய கார் கத்தத் தொடங்கியிருந்தது.

ஷூ தொலைந்தது தெரிவதற்கு முன்பே, சனிக்கிழமை காலையிலேயே அது ஆரம்பித்துவிட்டது. பாகாயத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பி முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் 'கீச்'. பள்ளம் வந்தால் 'கீச் கீச்'. தொரப்பாடியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்த ஜெயப்பிரகாஷ் முகத்தைச் சுளித்தார். அவர் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர், ஊர்க் குறையையெல்லாம் தன் குறையாக நினைத்து அலுத்துக்கொள்பவர்.

"இன்னா மேடம், எலி எதுனா வளக்கறீங்களா?"

"தெரியல சார். நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"வியாழக்கிழமை வாட்டர் வாஷ் விட்டீங்க இல்ல? வெள்ளிக்கிழமைகூட கால் வைக்கற இடமெல்லாம் சொதசொதன்னு இருந்துச்சே. தண்ணி எங்கியோ பூந்து துரு புடிச்சிருக்கும். உடனே காட்டுங்க."

பள்ளிகொண்டாவில் மோகனா ஏறுவாள். பின்சீட்டில் இடப்பக்கம் அவளுடைய இடம். ஏறியதும் கதவோரமாகச் சாய்ந்துகொண்டு, அன்றைக்குச் சமைத்தது, சமைக்காதது எல்லாவற்றையும் சொல்லி முடிப்பாள். சாம்பிள் ரூமில் மாடல் வரைந்து வெட்டுபவள். தொலைந்துபோன மெரூன் ஷூவும் அவள் கைவேலைதான். இருவரும் ஷூ படிப்பை ஒன்றாகப் படித்தவர்கள். பூர்ணிமாவுக்குப் பிரசவத்தில் உயிர் போய் உயிர் வந்தபோது ரத்தம் கொடுத்தவள் மோகனா. இப்படி ஒருத்தி இருக்கும்போது கூடப்பிறந்தவள் எதற்கு என்று பூர்ணிமா பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

"சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலியேடி," என்றாள் மோகனா.

அப்போது உண்மையிலேயே கேட்கவில்லை. ஆம்பூர் வரை ஒரு முனகல் இல்லை. மாலையில் திரும்பும்போது மோகனாவைப் பள்ளிகொண்டாவில் இறக்கிவிட்ட பிறகு மறுபடியும் 'கீச்'. ஜெயப்பிரகாஷ் இறங்கும்வரை புலம்பினார்.

பூர்ணிமா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் மனசில் காருக்கு ஏது இடம்? படுத்தால் வெள்ளிக்கிழமைதான் கண்முன் ஓடியது. மாலையில் வழக்கம்போல் மூவரும் கிளம்பினோம். கேட்டில் டிக்கியைத் திறந்து காட்டினோம். மாதனூரில் டீ குடிக்க நிறுத்தினோம். மோகனா தலைவலி என்று இறங்கவில்லை. ஜெயப்பிரகாஷ் நடுவில் போனை மறந்துவிட்டேன் என்று காருக்கு ஒரு ஓட்டம் ஓடிவந்தார். அப்புறம் வீடு. இதில் எங்கே போயிற்று அந்த ஷூ?

ஜெயப்பிரகாஷின் நச்சரிப்பு தாங்காமல் வேலூரில் சர்தார் பாஷாவின் பட்டறைக்குக் காரை விட்டாள். அவரும் ஜெயப்பிரகாஷ் சொன்ன ஆள்தான். நல்ல மெக்கானிக். தன் ஆளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, "எங்கேர்ந்து வருதுன்னு காதை வெச்சுக் கேளு," என்று சொல்லிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சத்தமே வரவில்லை.

"வண்டி கம்முனு இருக்குது மேடம்."

"நான் தனியா ஓட்டினா கத்துது பாய். நீங்க ஓட்டினா ஊமையாயிடுது."

"அப்போ முன்சக்கரத்து ரப்பர் புஷ்ஷாத்தான் இருக்கும். மாத்திடறேன்."

மாற்றினார். காசு வாங்கினார். மறுநாள் தொரப்பாடி வேகத்தடையில் 'கீச்'.

"பேஜாரு வண்டி," என்றார் ஜெயப்பிரகாஷ். "முழுசாப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க மேடம். நான் வேணா பாஷாகிட்ட பேசறேன்."

ஷூ தொலைந்து ஒரு வாரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. புதன்கிழமை மாலை, திரும்பி வரும்போது பூர்ணிமா ஒரு வேடிக்கை சொன்னாள். கவலையை மறக்க ஏதாவது பேச வேண்டுமே.

"மோகனா, இந்தக் காருக்கு ஒன் மேல இன்னா பிரியம் தெரியுமா? நீ எறங்கினதும் அழ ஆரம்பிச்சுடுது. நீ ஏறினா கப்சிப்."

ஜெயப்பிரகாஷ் சிரித்தார். "நெசம்தாங்க. காலைல உங்க வீடு வர்ற வரைக்கும் ஒரே ஒப்பாரி."

"அதெல்லாம் வர்ற ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சுடும். பாஷா சீட்டு, கதவு, தரைன்னு ஒண்ணு விடாம கழட்டிப் பாக்கறேன்னு சொல்லியிருக்காரு," என்றாள் பூர்ணிமா.

"சரிதான்," என்று மோகனாவும் சிரித்தாள்.

வியாழக்கிழமை காலையும் கார் கத்தியது. மத்தியானம் சாகிப் கூப்பிட்டு அனுப்பினார். பூர்ணிமா சாவிக் கொத்தை மேஜைமேல் போட்டது போட்டபடி எழுந்து ஓடினாள்.

சாகிப் தன் போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் மெரூன் ஷூ. அதே வளைவு, அதே தையல். பின்னாலிருந்த மேஜை வேறு யாருடையதோ.

"ராணிப்பேட்டை கம்பெனிக்காரன் ஒருத்தன் நம்ம பையருக்குக் காட்டியிருக்கான். நம்மளுதைவிட விலை கம்மி. ஏஜெண்ட் அனுப்பினது இது."



"சாகிப், நான் எடுக்கல."

"நீ எடுத்தேன்னு நான் சொல்லல. சாவி ஒன்கிட்ட இருந்துச்சு. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் தர்றேன். யாருன்னு சொல்லு. இல்லன்னா நான் போலீசுக்குப் போவேன், அவங்க ஒன் பேர்லேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க." "ஒன் விஷயமா வேற பேச்சும் என் காதுக்கு வந்துச்சு. அதை இப்போ பேச வேணாம்," என்றார்.

என்ன பேச்சு என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. வேலை போனாலும் போகட்டும், ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை எந்தத் தோல் கம்பெனியும் திருடி என்று பேர் வாங்கியவளை வாசலில் ஏற்றாது. பையன் பள்ளிக்கூடத்தில் கேட்பார்களே, உங்கம்மா எங்கே வேலை பார்க்கிறாள் என்று? அவன் என்ன சொல்வான்? வெளியே வந்ததும் மோகனா அவளைக் கட்டிக்கொண்டாள். "அழாதடி பூர்ணி. நான் இருக்கேன் இல்ல?" பூர்ணிமா அவள் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

அன்று மாலை மோகனாவை இறக்கிவிட்ட பிறகு ஜெயப்பிரகாஷ் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேகத்தடை வந்தது. போனது. சத்தம் இல்லை.

"அட, தானா சரியாயிடுச்சே!"

பூர்ணிமா தலையாட்டினாள். அவளுக்கு அது முக்கால்வாசி காதில் விழவே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆம்பூரில் மழை கொட்டித் தீர்த்தது. வெயிலுக்காகப் பின்கதவுக் கண்ணாடியை விரலளவு இறக்கிவைப்பது பூர்ணிமாவின் வழக்கம். அந்த இடுக்கு வழியாகச் சாரல் இறங்கிப் பின்சீட்டின் ஓரம் நனைந்துவிட்டது. மோகனா துப்பட்டாவை மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை. கெடு முடியும் நாள். ஜெயப்பிரகாஷ் சோளிங்கரில் வேண்டுதலை முடித்துவிட்டு நேராகக் கம்பெனிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பூர்ணிமா மட்டும் தனியாகக் கிளம்பினாள். முதல் வேகத்தடை. கார் முனகியது.

அவள் பிரேக்கை மிதித்தாள்.

அது பழைய கீச்சு இல்லை. மந்தமான, பிசுபிசுத்த முனகல். இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்! மழையில் நனைந்த ஷூவில் கேட்டிருக்கிறாள். கீச்சுச் சத்தம் வராமலிருக்க உள்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே பவுடர் தூவுவார்கள். தண்ணீர் புகுந்தால் அந்தப் பவுடர் களியாகிவிடும். அப்போது ஷூ இப்படித்தான் முனகும். சரி, ஷூவில் பவுடர் இருக்கும். காரில் யார் பவுடர் தூவியது?

நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிறுத்தினாள். பின்கதவைத் திறந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் கம்பெனியில் கழித்துப்போட்ட தோலில் தைத்த சீட்டு உறை அது. இடப்பக்க ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். லேசாக வந்துவிட்டது. சீட்டைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கொக்கி உடைந்துபோயிருந்தது. அதனால் உறையின் விளிம்பு காரின் சட்டத்தில் உரசியிருக்கிறது. உரசும் இடம் முழுக்க வெள்ளையாக அப்பிக் கிடந்தது. விரலில் தொட்டு முகர்ந்தாள். வாசனை இல்லை. வீட்டில் முகத்துக்குப் போடும் பவுடர் என்றால் மணக்கும். இது கம்பெனிப் பவுடர்.

சீட்டை முழுதாகத் தூக்கினாள். அடியில் ஒரு பள்ளம், அதில் சாம்பல் நிறக் கம்பளி விரிப்பு. அந்த விரிப்பின் மேல் மெரூன் நிறத்தில் ஒரு கறை. முன்பக்கம் கூராக, பின்பக்கம் ஒரு சின்ன வட்டமாக.

பூர்ணிமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஷூ கேட்டைத் தாண்டியது அவளுடைய காரில். ஓட்டிக்கொண்டு வந்தவள் அவள். டிக்கியைத் திறந்து, "பார்த்துக்கோங்கண்ணா," என்று செக்யூரிட்டியிடம் சிரித்தவளும் அவளேதான்.

ஜெயப்பிரகாஷ்! காரை நகர்த்துகிறேன் என்று சாவி வாங்கியவர். டீக்கடையிலிருந்து போன் எடுக்க ஓடியவர். கோயிலாம், வேண்டுதலாம். பாவி மனுஷன், தினமும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எலி வளர்க்கிறீர்களா என்று கேட்டானே! அவளுக்கு ரத்தம் கொதித்தது. கைப்பையிலிருந்த கத்தரிக்கோலால் கறை பட்ட விரிப்பை வெட்டி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, சீட்டைப் பழையபடி போட்டாள். முதலில் மோகனாவிடம் சொல்ல வேண்டும். அவளுக்குத்தான் முதலில்.

பள்ளிகொண்டா வரை கார் முனகிக்கொண்டே வந்தது. மோகனா வழக்கமான இடத்தில் நின்றிருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "ராத்திரி பூரா தூங்கலடி, ஒன்னையே நெனச்சுக்கிட்டு," என்று சொல்லி ஏறி உட்கார்ந்தாள்.

"மோகனா, ஒண்ணு சொல்லணும்..." என்று வாயெடுத்தாள் பூர்ணிமா. காரைக் கிளப்பினாள். சாலையில் ஒரு பள்ளம். சக்கரம் இறங்கி ஏறியது.

சத்தம் இல்லை.

"இன்னாடி? சொல்லு."

பூர்ணிமா கண்ணாடியில் பார்த்தாள். கதவோரமாகச் சாய்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு மோகனா உட்கார்ந்திருந்தாள். பூர்ணிமா கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துச் சாலையைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. சாயங்காலம் சொல்றேன்."

சாயங்காலம் சாகிப்பின் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். சாகிப், பூர்ணிமா, மோகனா, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஜெயப்பிரகாஷ். பூர்ணிமா மேஜைமேல் விரிப்புத் துண்டை வைத்தாள். பக்கத்தில் அந்த மெரூன் தோலின் மாதிரித் துண்டை வைத்தாள். வெள்ளைத் துணியைத் தண்ணீரில் நனைத்துத் தோலில் தேய்த்துக் காட்டினாள். துணியில் ஒட்டிய நிறமும் விரிப்பில் இருந்த நிறமும் ஒன்று.

"ஷூ என் கார்ல, பின்சீட்டுக்கு அடியில வெச்சு வெளிய போயிருக்கு. வாட்டர் வாஷ் பண்ணின ஈரம் காயல. அதனால சாயம் எறங்கிடுச்சு. கேட்ல டிக்கியைத்தான் பார்ப்பாங்க, சீட்டைத் தூக்கிப் பார்க்க மாட்டாங்க."

"யாரு?" என்றார் சாகிப்.

"வெள்ளிக்கிழமை என் சாவியை வாங்கினது ரெண்டு பேரு. மாதனூர்ல கார்கிட்ட இருந்ததும் அதே ரெண்டு பேரு."

ஜெயப்பிரகாஷ் துள்ளி எழுந்தார். "மேடம்! நரசிம்மர் மேல சத்தியமா..."

"ஒக்காருங்க சார். காலைல ஒரு மணி நேரம் நானும் உங்களைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன். மன்னிச்சுடுங்க." அவள் தண்ணீர் குடித்தாள். "மாதனூர்ல ஷூவை வெளிய எடுக்கற அவசரத்துல சீட்டுக் கொக்கி ஒடைஞ்சுது. அன்னிக்கு ஈரத்துல சத்தம் வரல, காஞ்சதும் மறுநாள்லேர்ந்து சத்தம். சீட்டு காலியா இருந்தா உரசும், கத்தும். ஆள் ஒக்காந்தா அழுந்திடும், கத்தாது. பாஷா தன் ஆளைப் பின்னாடி ஒக்கார வெச்சாரு, அதான் கண்டுபிடிக்க முடியல. அப்பறம் இந்த வியாழக்கிழமை யாரோ பவுடர் தூவி சத்தத்தை அடைச்சிருக்காங்க. மெக்கானிக்குன்னா எண்ணெய் விடுவான், கிரீஸ் தடவுவான். தோல் கீச்சுன்னா பவுடர் போடறது ஷூ கம்பெனி ஆளுங்க பழக்கம். கையும் தானா அதுக்குத்தான் போகும். அதுவும் நம்ம கம்பெனிப் பவுடர்."

"அது ஜெயப்பிரகாஷ் சாருக்கும் தெரியுமே," என்றாள் மோகனா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும். ஆனா யோசிச்சுப் பாரு. சத்தம் சனிக்கிழமையே வந்துடுச்சு. ஜெயப்பிரகாஷ் சார் முன்சீட்ல ஒக்காந்து தெனமும் கேட்டாரு. சீட்டைக் கழட்டினவரு அவருன்னா, மொத நாளே எதனாலன்னு புரிஞ்சிருக்கும். அன்னிக்கே போய் அடைச்சிருப்பாரு. அவரு இன்னா பண்ணாரு? மெக்கானிக்கைக் கொண்டாந்து விட்டாரு. வண்டியை முழுசாப் பிரின்னாரு. திருடினவன் எவனாவது பிரிச்சுப் பாருன்னு சொல்வானா?"

பூர்ணிமா விரிப்புத் துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பத்து நாளுக்கு மேல சத்தம் கத்திக்கிட்டே கெடந்துச்சு, திருடின ஆளு ஒண்ணும் பண்ணல. ஏன்? அந்த ஆளுக்கு அந்தச் சத்தம் காதுல விழவே இல்ல. சீட்டு ஏன் கத்தலன்னா, அந்த ஆளு அதுமேல ஒக்காந்திருந்ததாலதான். புதன்கிழமை நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம, நீ எறங்கினா கார் அழுதுன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை சீட்டெல்லாம் கழட்டறாங்கன்னும் சொன்னேன். அப்போதான் அந்த ஆளுக்கு எங்கேர்ந்து சத்தம் வருதுன்னு புரிஞ்சுது. மறுநாள் நான் இந்த ரூம்ல அழுதுக்கிட்டிருந்தப்போ, என் மேஜைமேல இருந்த சாவியை எடுத்துட்டுப் போய் பவுடர் போட்டுட்டு வந்து, வெளிய நின்னு என்னைக் கட்டிப்புடிச்சுது." அவள் மோகனாவை நேராகப் பார்த்தாள். "ஒன் தோள்ல நான் அழுதேனே மோகனா. அப்போ ஒன் கையில பவுடர் இருந்திருக்கும்."

மோகனா மறுத்துப் பார்த்தாள்.  பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"சாம்பிள் ரூம் ஹெட்டா வெச்சுக்கறோம்னு ராணிப்பேட்டைல சொன்னாங்க," என்றாள். "இங்க நான் வரையறேன், வெட்டறேன். பையர் வந்தா நீ போய் நிக்கறே, நீ பேசறே. என்னை யாருன்னு கேக்கக்கூட மாட்டாங்க. அந்த ஷூ என் ஷூடி."

"என்கிட்ட சொல்லியிருந்தா ஒன்னை முன்னாடி நிறுத்திட்டு நான் பின்னாடி நின்னிருப்பேனே. ஒரு வாட்டி கேட்டியா?"

"தப்புதான் பூர்ணி. ஒன் காரைத்தான் கேட்ல யாரும் தோண்டிப் பார்க்க மாட்டாங்க. அதனாலதான் அதுல வெச்சேன். ஒனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். சத்தியமா ஒன்னை மாட்டிவிடணும்னு நெனைக்கல."

சாகிப் போனைக் கையில் எடுத்தார். மோகனா அவர் காலில் விழப்போனாள். பூர்ணிமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே எரிந்துகொண்டிருந்தது. ஆனால் எரிகிற அந்த உடம்பில் ஓடுகிற ரத்தத்தில் கொஞ்சம் இவளுடையதாயிற்றே!

"சாகிப், போலீஸ் வேணாம்," என்றாள். "வேலையை விட்டுப் போய்டட்டும். அவளுக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குது. ஆசையில புத்தி கெட்டுப்போச்சு. என்னை மாட்டிவிடணும்னு செய்யல. எனக்காக விட்டுடுங்க."

சாகிப் போனை மேஜையில் வைத்தார். 

"நீ இவளுக்காகப் பேசறே," என்றார். "ஒன் விஷயமா ஒரு பேச்சு வந்துச்சுன்னு சொன்னேனே, அது இன்னான்னு நீ கேக்கவே இல்ல. இப்போ கேளு. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை நான் மெட்ராஸ்ல ஏர்போர்ட்டை விட்டு வெளிய வர்றேன், இவ போன் பண்ணினா. 'பூர்ணிமா இப்போல்லாம் ராணிப்பேட்டைக்காரங்ககூட ஜாஸ்தி பேசறா சாகிப். பீரோ சாவி அவகிட்டதான் இருக்குது, எதுக்கும் பார்த்துக்கோங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க'ன்னா. நல்லதுக்குச் சொல்றான்னு நானும் நம்பிட்டேன்."

"ஞாயித்துக்கிழமையா?" என்றாள் பூர்ணிமா.

"ஆமா."

"நான் பீரோவைத் தொறந்து பார்த்தது திங்கட்கிழமை சாகிப். ஷூ காணோம்னு யாருக்குமே தெரியாது ஞாயித்துக்கிழமை."

"இப்போதான் எனக்கும் உறைக்குது."

ஜெயப்பிரகாஷ் "முருகா" என்று முணுமுணுத்தார். பூர்ணிமா மெதுவாக மோகனாவின் பக்கம் திரும்பினாள். மோகனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க வீட்ல சாப்ட்டே இல்ல நீ?" என்றாள் பூர்ணிமா. "என் பையன் தட்டுல மீனை முள்ளெடுத்து வெச்சியே. அதுக்கு முன்னாடி பேசினியா, அப்பறமா?"

மோகனா துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள்.

"சொல்லு. முன்னாடியா, அப்பறமா?"

"அப்பறம்," என்றாள் மோகனா. "ஒங்க வீட்டு மாடியிலேர்ந்துதான்."

பூர்ணிமா தலையை ஆட்டினாள். அழுகை நின்றுபோயிருந்தது. மேஜைமேல் கிடந்த போனை எடுத்து சாகிப்பின் கையில் கொடுத்தாள்.

"நான் இப்போ சொன்னதை மறந்துடுங்க சாகிப். போலீசைக் கூப்பிடுங்க. சாட்சிக்கு நான் வர்றேன்."

"பூர்ணி..." என்றாள் மோகனா.

"என் பேரு பூர்ணிமா," என்று சொல்லிவிட்டு அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போலீஸ் வரும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.